ஈரச் சாக்கு

மேனாம்பேட்டில் வேம்புலியைக் கூப்பிட்டுச் சன்னல் மாட்டியவர்களுக்கு அவர் குணம் தெரியும். ஒரு சட்டத்துக்கு மூன்று தடவை அளவெடுப்பார். நாம் சொல்கிற அளவை நம்பவே மாட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுமினியப் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை. அரை நூல் பிசகினாலும் மாட்டிய சட்டத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிடுவார். "கண்ணாடி பொய் சொல்லாதுபா, ஒக்காராது" என்பார். முதலாளிக்கு எரிச்சலாக வரும். ஆனால் எந்த மழையிலும் வேம்புலி மாட்டிய சன்னல் வழியாக ஒரு சொட்டு உள்ளே வராது.

ஊருக்கெல்லாம் சன்னல் மாட்டிய மனிதர் குடியிருந்ததோ மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. பங்குனி பிறந்துவிட்டால் சுவரில் கை வைக்க முடியாது. அதற்கு அவர் மனைவி எல்லம்மா ஒரு வழி வைத்திருந்தாள். காலை பதினொரு மணிக்கு ஒரு கோணிச்சாக்கை நனைத்து மேற்குச் சன்னலில் மாட்டுவாள். சாயங்காலம் வரை அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். சன்னல்காரர் வீட்டுச் சன்னலில் சாக்கு தொங்குகிறதே என்று பக்கத்து வீட்டு தேவராஜ் கிண்டல் செய்வார். எல்லம்மா கண்டுகொள்ள மாட்டாள்.

அந்த வருடம் மார்ச்சில் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து நிவேதிதா என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். மின்சாரத்தைக் கொட்டாமல் வீட்டைக் குளுமையாக வைக்க எப்படிப்பட்ட சன்னலும் சுவரும் கூரையும் வேண்டும் என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்கு ஒரே அளவில் இரண்டு மேல்மாடி வீடுகள் தேவைப்பட்டன. தேவராஜ் வீட்டுக்கு இரட்டைக் கண்ணாடிச் சன்னல், கூரைமேல் வெள்ளைப் பூச்சு. வேம்புலி வீட்டுக்கு எதுவும் கிடையாது. சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி மட்டும் இரண்டு வீட்டுச் சுவரிலும் ஏறியது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது அறையின் சூட்டைக் குறித்துக்கொள்ளும். ஜூன் கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் குடியிருப்பு முழுவதற்கும் புதுச் சன்னல் போடச் சொல்லி எழுதுவார்கள். அப்படிப் போடும்போது முதல் வீடு வேம்புலியுடையது.

தேவராஜ் வீட்டுச் சன்னலை மாட்டியதும் வேம்புலிதான். இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்து வைத்திருந்த அழகை அவர் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லம்மாவுக்கு அதே மாதிரி ஒன்று தன் கையாலேயே மாட்ட வேண்டும். ஆசை என்று சொன்னால் அவருக்கு வேறு எதுவும் இல்லை.

நிவேதிதா ஒரு நோட்டும் கொடுத்திருந்தார். "சன்னல், சுவர், கூரை எதையும் மாத்திடாதீங்க ஐயா. மத்தபடி எப்பவும் போல இருங்க. தினமும் வீட்டுல என்ன செஞ்சீங்கன்னு இதுல எழுதிடுங்க."

அவர் முதலில் சொன்னதை மட்டும் வேம்புலி இறுகப் பிடித்துக்கொண்டார். மற்றதெல்லாம் அவருக்குப் பொருட்டாகவே படவில்லை. அளவு என்று வந்துவிட்டால் அவர் அப்படித்தான். அன்று சாயங்காலமே சாக்கைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"எதுக்குய்யா? அது பாட்டுக்கு தொங்கிகினு கீது" என்றாள் எல்லம்மா.

"பொட்டி பாத்துகினு கீது. நீ சாக்க மாட்டினா ஊடு குளுந்துடும். அப்பால இந்த ஊட்டுக்கு சன்னலே வோணாம்னு எழுதிட்டு பூடுவாங்க."

"குளுந்தா நல்லதுதானய்யா" என்று அவள் சிரித்தாள்.

தேவராஜின் மனைவி ஜெயப்பிரியா, மத்தியான நேரத்தில் தங்கள் வீட்டில் வந்து உட்காரும்படி எல்லம்மாவைக் கூப்பிட்டாள். வேம்புலி அதையும் தடுத்தார். அந்த வீட்டில் நாலு பேர் என்று கணக்கு, ஐந்தாவதாக ஒரு ஆள் போனால் அந்த ரீடிங்கும் கெட்டுவிடும் என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். தினமும் பட்டறையிலிருந்து ஆறு மணிக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு நோட்டில் தேதி போட்டு, 'மாற்றம் இல்லை' என்று எழுதுவார். குண்டு குண்டான, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து.

மே பதினேழாம் தேதி மாலை எல்லம்மா தலைசுற்றித் துணி துவைக்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இதயம் பலவீனமாக இருக்கிறது, சூட்டில் இருக்க வேண்டாம் என்றார். மறுநாளிலிருந்து வேம்புலி லீவு போட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் தொடர்ந்து லீவு போட்டது அதுதான் முதல் தடவை. கஞ்சி வைத்தார், மோர் கொடுத்தார், ஈரத் துண்டால் அவள் கழுத்தைத் துடைத்தார். பத்தொன்பதாம் தேதி மத்தியானம் எல்லம்மா கேட்டாள்.

"அந்த சாக்க ரெண்டு நாளு மாட்டிக்கவாய்யா?"

வேம்புலி சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் எல்லம்மா. தாண்டிட்டா உனுக்கு சாக்கே வோணாம். உனுக்காகத்தான பாக்கறேன்."

அது உண்மைதான். அவளுக்காகத்தான் பார்த்தார்.

"செரி, வுடு" என்றாள். அப்புறம் கேட்கவில்லை. இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு, ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே அவள் மூச்சு நின்றுவிட்டது. வெயில் காலம், இதயம் தாங்கவில்லை என்றார்கள். வேம்புலியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். நோட்டை அவர் அதற்குப் பிறகு திறக்கவில்லை.

ஜூலையில் பெட்டியை எடுத்துப்போக வந்த நிவேதிதாவுக்கு விஷயம் தெரியாது. மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள் வருவதாக எழுந்தவரை வேம்புலிதான் நிறுத்தினார்.

"ரீடிங் சுத்தமா கீதான்னு மட்டும் பாத்து சொல்லிட்டு போங்க மேடம்."

அவருக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நிவேதிதா தயங்கிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார். தேவராஜ் வீட்டுக்கு நீலக் கோடு, இவர் வீட்டுக்குச் சிவப்புக் கோடு.

"எல்லாம் நல்லா வந்திருக்கு ஐயா. ஆனா உங்க வீட்டுக் கோடு தினமும் பதினொரு மணிக்கு மேல ரெண்டு டிகிரி இறங்குது. அஞ்சு மணிக்குத் திரும்ப ஏறிடுது. ஞாயித்துக்கிழமை மட்டும் இறங்கல. ஈரத்துணி ஏதாவது மாட்டுவீங்களா?"

"இல்ல மேடம். நான் எதையும் தொட வுடல."

"மாட்டியிருந்தா தப்பே இல்லையே. சூட்டை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் நோட்டே கொடுத்தோம்."

வேம்புலி குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தார். அவர் சுருட்டித் தள்ளியது. இப்போது நாலாக மடித்து இருந்தது. ஓரமெல்லாம் தண்ணீர் பட்டுப் பட்டு இற்றுப்போயிருந்தது. அவர் எட்டு மணிக்கு வேலைக்குப் போவார், ஆறு மணிக்கு வருவார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்.

"எந்த தேதி வரைக்கும் எறங்குது மேடம்?"

"மே பதினேழு. பதினெட்டுல இருந்து இறங்கவே இல்ல."

"பதினெட்டுலேர்ந்து நான் லீவு போட்டு ஊட்லயே இருந்தேன்" என்றார் வேம்புலி.

நிவேதிதாவிடம் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு நோட்டை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு, ஒவ்வொரு 'மாற்றம் இல்லை'யையும் அடித்தார். பக்கத்தில் அதே குண்டு எழுத்தில், 'எல்லம்மா ஈரச் சாக்கு மாட்டினாள்' என்று எழுதினார். கண்ணீர் சொட்டிய இடத்தைச் சட்டை நுனியால் ஒற்றிவிட்டு அடுத்த தேதிக்குப் போனார். நிவேதிதா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவர் நிறுத்தவில்லை.

மே பதினெட்டாம் தேதி வந்தது. அதிலிருந்ததையும் அடித்துவிட்டு, 'நான் வீட்டில் இருந்தேன்' என்று எழுதினார். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று மூன்றுக்கும் அதையே எழுதினார். இருபத்திரண்டு வெறுமையாக இருந்தது. அதிலும் அதையே எழுதி நோட்டை மூடி நிவேதிதாவிடம் கொடுத்தார்.

"இப்ப கணக்கு செரியா கீது மேடம்."