எதிர்த்திசையில் ஒருவர்

கவிநிலா வேலையில் சேர ஊரைவிட்டுக் கிளம்பிய நாள் ஆடிப் பௌர்ணமி. அன்று கிரிவலம் வரும் கூட்டத்தால் ஊருக்குள் பஸ் வராது; வெளியே தற்காலிகமாகப் போட்டிருந்த நிலையத்துக்கு நடந்துதான் போக வேண்டும். மலையைச் சுற்றும் பாதையில், அடி அண்ணாமலையில் கடை போட்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத நாள் அது. ஆனாலும் சந்திரகலா தன் எலுமிச்சை சாதக் கடையைக் கணவன் இளஞ்செழியனிடம் விட்டுவிட்டு, தோழியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இருவரும் குரூப் ஃபோர் தேர்வுக்குச் சேர்ந்து படித்தவர்கள். வேங்கிக்கால் பக்கம் ஒரு புங்க மரத்தடிதான் அவர்கள் வகுப்பறை. கவிநிலா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் கணக்கு சொல்லித் தருவாள். சந்திரகலா தமிழ் சொல்லித் தருவாள். போன தேர்வில் கவிநிலா தேறி, ராமநாதபுரம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்துக்கு நிர்வாக அலுவலர் ஆனாள். சந்திரகலாவுக்கு ஒரே ஒரு கேள்வியில் போனது. இனி ஒரு தேர்வுதான் எழுதலாம். அதற்கடுத்தது வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

"அக்கா, நான் போயிட்டேன்னு பொஸ்தகத்த மூடி வச்சிடாதீங்க. கணக்குல கோட்டை வுட்டீங்க, அங்கேர்ந்து வந்து ஒதைப்பேன்."

"வேலை கெடச்சதும் வாய் ஜாஸ்தியாயிடுச்சுடி ஒனக்கு. ஏறு, கண்டக்டர் மொறைக்கிறாரு."

திரும்பி வந்து கடையில் நின்றவள், தண்ணீர் பாட்டில் கேட்டவர்களுக்குச் சாதப் பொட்டலத்தையும், சாதம் கேட்டவர்களுக்குத் தண்ணீரையும் நீட்டினாள். இளஞ்செழியன் பின்னாலேயே நின்று மாற்றி மாற்றிக் கொடுத்தான்.

அதன்பிறகு படிப்பு போனில் நடந்தது. சந்திரகலா தான் போட்ட கணக்குகளைப் படம் எடுத்து அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை கவிநிலா கூப்பிட்டுத் திருத்துவாள். வயதுக் கணக்கில் சந்திரகலாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. மகன் வயது எக்ஸ், அப்பா வயது மூன்று எக்ஸ் என்று ஆரம்பித்தால், அடுப்பில் பால் பொங்குவதற்குள் விடை வந்துவிடும். வேகம், தூரம், நேரம் வந்தால்தான் சில நாள் சரியாக வரும், சில நாள் வராது. ஏன் என்று இருவருக்குமே பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிநிலா கண்டுபிடித்தாள்.

"அக்கா, ரயில் கணக்கு அத்தனையும் ரைட்டு. எதிரெதிரா வந்தாலும் சரி, பின்னாடியே வந்தாலும் சரி. வட்டத்துல நடக்கிற கணக்கு மட்டும்தான் தப்பு. இதப் பாருங்க. வட்டப் பாதை பன்னெண்டு கிலோமீட்டர். ஒருத்தர் மணிக்கு நாலு கிலோமீட்டர், இன்னொருத்தர் ரெண்டு. எதிர்த்திசையில நடக்கறாங்க. எப்ப சந்திப்பாங்க?"

"ஆறு மணி நேரம்."

"நாலையும் ரெண்டையும் கூட்டணும். ஆறு. பன்னெண்ட ஆறால வகுத்தா ரெண்டு மணி நேரம். நீங்க கழிச்சிருக்கீங்க. எதிர்த்திசைனு கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, அது கண்ணுல படலியா?"

சந்திரகலா கேள்வியை மறுபடி படித்தாள். எழுத்து கண்ணில் பட்டதுதான். ஆனால் வட்டப் பாதை என்றதும் மலை வந்து நடுவில் நின்றுவிடுகிறது. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த கூட்டமெல்லாம் மலையை வலக்கைப் பக்கம் வைத்து ஒரே திசையில் போன கூட்டம். கேள்வியில் எதிரே நடந்த ஆளை அவள் மனசு, அவளைக் கேட்காமலே, தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டத்தோடு அனுப்பிவிட்டது.

"எவண்டி எதிர்ல வருவான்?" என்றாள். "மலையை இடமாவா சுத்துவாங்க?"

கவிநிலா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "ஐயோ அக்கா! அது ஏதோ ஒரு பார்க்கு. அங்க சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். ஆகவில்லை. பென்சிலை எடுத்தால் அந்த ஆள் மறுபடி திரும்பிக்கொண்டான். ஒரே ஒரு கேள்வியில் போனவளுக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஒரு நாள் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். சவாரி முடித்து வந்த இளஞ்செழியன் அதை எடுத்துப் பிரித்தான்.

"இன்னா கலா, யாரு மேல கோவம்?"

சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"நான் தெனமும் ஷேர் ஆட்டோ ஓட்டறேனே, ரெண்டு பக்கமுந்தான் போறேன். என்னை சாமி இன்னா கேட்டுச்சு? எதிர்ல வர்றவன் நடக்கறவன் இல்ல, நான்னு வச்சிக்கோ. நீ அந்தப் பக்கமா வர்ற, நான் வூட்டுக்கு வர்றேன். எங்க பாத்துக்குவோம்?"

"மணிக்கு ரெண்டு கிலோமீட்டர்லயா வருவீங்க?"

"ஏழு பேரை ஏத்திக்கிட்டா அவ்ளோதாம்மா வரும்."

அன்றிலிருந்து எதிரே வருகிறவன் திரும்பவில்லை. வட்டம் எவ்வளவு பெரிதானாலும் அவன் ஆட்டோவோடு நேராக அவளை நோக்கி வந்தான். அவளும் கூட்டினாள்.

தேர்வில் வட்டப் பாதைக் கணக்கு ஒன்று வந்தது. படித்தவுடன் கை தானாகக் கூட்டத் தொடங்கியது. பாதியில் ஏதோ உறுத்த, திரும்பப் படித்தாள். 'ஒரே திசையில்' என்று இருந்தது. பக்கத்திலேயே கழித்தும் பார்த்தாள். வெளியே வந்தபோது, கடைசியில் விடைத்தாளில் கூட்டிய விடையைக் கறுப்பாக்கினாளா, கழித்த விடையையா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அன்றே கவிநிலாவைக் கூப்பிட்டாள். "ரிசல்ட்ட நீயே பாரு. எனக்குத் தெம்பு இல்ல. தேறியிருந்தா மெசேஜ் போடு. தேறலன்னா ஒண்ணும் போடாத. நான் புரிஞ்சிக்கிறேன்."

மழைக்காலம் போய், தீபம் போய், வெயில் ஏறத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் முடிவு வந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். சந்திரகலா போனை அடுப்பு மேடையில் நிமிர்த்தி வைத்துவிட்டு வேலை பார்த்தாள். மதியம்வரை ஒன்றும் வரவில்லை. இளஞ்செழியன் சவாரிக்குப் போகாமல், துடைத்த ஆட்டோவையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் பாக்கட்டா?"

"வேணாம்."

பொழுது சாயும்போது, "சோறு போட்டுக்கலாம் வாங்க," என்று கூப்பிட்டாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. இரண்டு தட்டை எடுத்து வைத்தபோது போன் ஒளிர்ந்தது. கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு திறந்தாள்.

"அக்கா, காலையிலேர்ந்து நில அளவை வேலைக்குக் கடலோரம் போயிட்டேன், அங்க டவரே இல்ல. இப்பதான் ரோட்டுக்கு வந்து பாத்தேன். தேறிட்டீங்க. இந்த ரேங்க்குக்கு வேலை கண்டிப்பா கெடைக்கும். மூணு தடவை கூப்பிட்டேன், லைன் போவல. மறுபடி கூப்பிடறேன், எடுங்க. அழுதுட்டு இருந்தாலும் பரவால்ல, எடுங்க."