கின்ஷாசாவிலிருந்து பிறம்ரனுக்கு வந்த ஒளி

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, ஸ்காபரோவில் அஜின்கோர்ட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். பிறம்ரனுக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர். மனைவி சுகந்திக்கு எட்டு மாதமாகத் தோள்மூட்டு நோவு. படுக்க முடியாமல் சோபாவில் சாய்ந்தபடி இரவைக் கழிப்பாள். ஊசி, உடற்பயிற்சி எதற்கும் நோவு விட்டபாடில்லை. அவளோடு வெயார்ஹவுஸில் வேலைசெய்யும் கிளமெந்தின்தான் எங்களை அழைத்திருந்தார். கொங்கோ நாட்டுப் பெண். ஜப்பானில் தோன்றிய ஒரு புதிய மதத்தில் கின்ஷாசா நகரத்தில் இளவயதிலேயே சேர்ந்தவர். உள்ளங்கை வழியே கடவுளின் ஒளியைக் கொடுத்து நோவைத் தணிப்பது அவர்கள் வழிபாடு.

பத்து மணி பத்து நிமிடம். டயர்க் கடைக்குப் பக்கத்துக் கதவுதான் அவர்களுடைய வழிபாட்டிடம். சுவரில் ஜப்பானிய எழுத்துச் சுருள், கீழே பிளாஸ்ரிக் கதிரைகள். இருபது பேர் இருக்கலாம். அநேகர் கின்ஷாசா, அபிஜான் நகரங்களிலிருந்து வந்தவர்கள். பிரெஞ்சில் சுகம் விசாரித்தவர்கள், பிரார்த்தனையை ஜப்பானிய மொழியில் மனப்பாடமாகச் சொன்னார்கள். கிளமெந்தின் சுகந்தியின் நெற்றிக்கு ஒரு சாண் தள்ளிக் கையை உயர்த்தினார். பத்து நிமிடம். பிறகு தோளுக்கு. தொடவேயில்லை.

"டொக்டரை விட்டுவிடாதீர்கள், இது அதோடு சேர்த்துத்தான்," என்று என்னிடம் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார். பார்த்தால், சுகந்தி இருந்தபடியே நித்திரையாகியிருந்தாள்.

பதினொன்றேகால். காற்று வாங்க வெளியே வந்தேன். டயர் மாற்றக் காத்து நின்றார் எங்கள் கோயில் நிர்வாகசபைச் சிவா அண்ணை.

"என்ன தம்பி, உதுக்குள்ளையிருந்து வாறீர்? வீட்டிலை ஆருக்கும் சுகமில்லையோ?"

"சீச்சீ, இல்லை அண்ணை. வேலையிடத்து மனுசி ஒண்டை இறக்கிவிட வந்தனான். உவை கையைக் காட்டி வருத்தம் மாத்துவினமாம்."

கண்ணை மூடி, உள்ளங்கையை அவருடைய வழுக்கைக்கு நேரே நீட்டிக் காட்டினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். திரும்பினால் கதவடியில் சுகந்தி. அவளுடைய கோட்டைப் பிடித்தபடி கிளமெந்தின்.

வீடு திரும்ப நானூற்றுப்பத்தாம் நெடுஞ்சாலையில் ஏறியதும் சுகந்தி சொன்னாள்.

"காரைத் திருப்புங்கோ. அவவிட்டை மன்னிப்புக் கேளுங்கோ."

"அவவுக்குத் தமிழ் விளங்காதப்பா."

"உங்கட கை விளங்கினது."

நெடுஞ்சாலையின் அடுத்த வெளியேறும் வழியில் காரைத் திருப்பினேன். சுகந்தி காரைவிட்டு இறங்கவில்லை. உள்ளே கிளமெந்தின் ஒரு கிழவருக்குக் கையை உயர்த்தியிருந்தார். அவர் முடிக்கும்வரை கதவடியில் நின்றேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

"சிரிப்பு எனக்குப் பழக்கம். கின்ஷாசாவில் என் அண்ணன்மாரே சிரித்தார்கள்," என்றார். "ஆனால், நன்றாக நித்திரை வந்தது என்று உங்களிடம் சொல்லத்தான் உங்கள் மனைவி கோட்டும் போடாமல் வெளியே ஓடிவந்தார்."

காருக்குத் திரும்பினேன். ஸ்காபரோ வரும்வரை அந்த நித்திரையைப் பற்றி அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.