கதவுக்கு அடியில் வந்த லி நதி

குய்லின் நகரத்துச் சின் தேஹாய்க்கு ஒரே ஒரு பைத்தியம்: அந்நியச் செலாவணிச் சீட்டு. ஒரு காலத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே அரசாங்கம் அடித்துக் கொடுத்த பணம் அது. ஓட்டலில் தட்டு தூக்கிய நாளில் ஆசையாகத் தடவிப் பார்த்துக் கல்லாவில் போட்டவர், இனி அது செல்லாது என்று அறிவித்த பிறகு சேர்க்க ஆரம்பித்தார். ஆளைப் பாருங்கள்!

ஆல்பத்தில் ஒரே ஓர் இடம் காலி. முதல் வெளியீட்டு ஐம்பது யுவான். அவர் தினமும் கரையோரம் நடக்கிற லி நதிதான் அதில் படம். அந்தச் சீட்டு பக்கத்துத் தெரு மோவிடம் இருந்தது. மோ விற்கவும் மாட்டார், மாற்றவும் மாட்டார். சந்தையில் நாலு பேர் பார்க்க அதை வைத்து விசிறிக்கொள்வார்.

“அவன் வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு!” என்று சபதம் போட்டார் தேஹாய். அவருடைய ஒரே மகள் யுன்லான், மோவின் மகனைத்தான் கட்டுவேன் என்றாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்ததும் பெண்ணின் தோழிகள் கதவைச் சாத்தினார்கள். சிவப்பு உறையில் பணம் வந்தால்தான் திறப்பது வழக்கம். தேஹாய் தோழிகளை விலக்கிவிட்டுத் தானே கதவில் சாய்ந்துகொண்டார். உறைகள் வந்துகொண்டே இருந்தன. மனிதர் அசையவில்லை.

“யோவ் சம்பந்தி, நல்ல நேரம் போகுதுய்யா!” என்று வெளியிலிருந்து கத்தினார் மோ.

“போகட்டும். லி நதி வந்தாத்தான் கதவு.”

“அடப்பாவி! பகல் கொள்ளையால்ல இருக்கு!”

“அப்பா, நான் என்ன உங்க ஆல்பத்துல ஒட்டுற சீட்டா?” என்றாள் யுன்லான்.

மோ முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில் ஓர் உறை நுழைந்தது. தேஹாய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அசல்! உறையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

மாப்பிள்ளை மண்டியிட்டுத் தேநீர் கொடுத்தான். பதிலுக்கு மாமனார் உறை கொடுக்கவேண்டும். அவர் அசையுமுன் மனைவி சூயின் அவர் பைக்குள் கைவிட்டு, அதே உறையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டாள்.

“எம் பொண்ணு ஒரு சீட்டுக்குப் போனான்னு ஊர் பேசக் கூடாதுல்ல?”

தேஹாய் காலிப் பையைத் துழாவினார். மோவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. யுன்லான் உறையை வாங்கிக்கொண்டாள்.

“இத எங்க வீட்டுக் கூடத்துல மாட்டப்போறேன்ப்பா. பாக்கணும்னா வாங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடியும் கையுமாக மோவின் வாசப்படியை மிதித்தார் தேஹாய்.

“யாரப் பாக்க வந்தீரு?” என்றார் மோ.

“நதியத்தான்” என்று விறைப்பாகச் சொல்லி, சீட்டு மாட்டிய சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மகள் நூடுல்ஸ் கிண்ணத்தோடு வருகிறவரை அவர் கண் அடுப்படியை விட்டு நகரவில்லை.