வேறொருத்தியின் குரலில் எர்சிலியா

எங்கள் குவாத்ராரோ தெருவில் எல்லோருக்கும் சினிமாவில் ஏதாவது துண்டு வேலை இருந்தது. ரோமின் பெரிய ஸ்டூடியோ நடந்து போகிற தூரம். காலையில் சீசரின் படைவீரனாக நின்றவன் மத்தியானம் அதே செருப்போடு என் கடைக்குக் காபி குடிக்க வருவான். எர்சிலியாவுக்குக் கிடைத்த வேலை, முதுகு காட்டுவது.

கேலி செய்யவில்லை. போர் முடிந்த காலத்துப் படங்களுக்கு அகன்ற தோளும் கனத்த இடுப்பும் உள்ள பெண் வேண்டியிருந்தது. பசித்துக் கிடந்த ஜனம், திரையிலாவது நன்றாகச் சாப்பிட்ட ஒருத்தியைப் பார்க்க ஆசைப்பட்டது. நாயகிகளுக்கு முகம் இருந்தது, அந்த உடம்பு இல்லை. அதனால் மூட்டை தூக்குவதும் நாற்று நடுவதும் ஆற்றில் இறங்குவதும் எர்சிலியா. அவள் திரும்புகிற நேரத்தில் காமிரா நின்றுவிடும், வேறு முகம் வந்துவிடும். இந்த விஷயம் தெருவில் எனக்கும் அவள் புருஷன் ஒரெஸ்தேக்கும் மட்டும்தான் தெரியும். ஒரெஸ்தே டிராம் ஓட்டுகிறவர், வாய் திறக்கமாட்டார்.

கறிக்கடை பிரிமோ தினமும் என் கடையில் நின்று புலம்புவான்.

"இப்ப வர்ற நடிகைங்களப் பாருங்க. தொடப்பக்கட்டைக்குப் பாவாட கட்டிவிட்ட மாதிரி. அந்தக் காலத்துல ஆத்துல எறங்குவாளே ஒருத்தி, அது முதுகு. அவளோட சினிமாவே செத்துப்போச்சு."

பக்கத்தில் நின்று சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்த எர்சிலியா கேட்டாள். "அவ்வளவு நல்லாவா இருந்துச்சு, பிரிமோ?"

"உனக்கென்ன தெரியும். நீ பொம்பள."

நான் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓட வேண்டியதாயிற்று.

அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஒரு படத்திலாவது அவள் முகம் வரவேண்டும். லம்பெர்த்தோ அதற்கு வாக்குக் கொடுத்திருந்தான். உதவி டைரக்டராக வயிறு ஒட்டித் திரிந்த நாளில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். அவளுடைய ஒரே பிள்ளை டூலியோ ஆறு வயதில் காய்ச்சலில் போனபோது, அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

எழுபதுகளில் சினிமா கெட்டது. எந்தப் படத்துக்குப் போனாலும் ஒரு குளியலறை, ஒரு சாவித் துவாரம், அதில் ஒரு கண். கதை எழுதுகிறவனுக்கு வேலை போய், கதவில் ஓட்டை போடுகிற தச்சனுக்கு வேலை வந்தது. நடிகைகள் மெலிந்ததால் படம் கெட்டது என்பான் பிரிமோ. நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முன்பு அந்த உடம்பு மூட்டை தூக்கியது, நாற்று நட்டது. இப்போது சும்மா நிற்கவைத்து எட்டிப்பார்க்கிறார்கள். பாவம், அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்?

அப்படி ஒரு நாளில்தான் லம்பெர்த்தோ கடைக்குள் வந்தான். இப்போது அவன் டைரக்டர்.

"அக்கா, இந்தத் தடவ மொகம்."

எர்சிலியா கோப்பையைக் கீழே வைத்தாள். அவன் கதை சொன்னான். போரில் மகனைப் பறிகொடுத்த தாய், தண்ணீர் ஆறிப்போனது கூடத் தெரியாமல் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இந்த வயசுல எதுக்குடா நான் துணியக் கழட்டணும்?"

"தோள் வரைக்கும்தான்க்கா. துக்கத்துல ஒடம்பையே மறந்துபோனவ. மொகம்தான் காட்சி."

"வசனம்?"

"ஒனக்குத் தோணுனதச் சொல்லு. யாரு பேரயாவது சொல்லிக் கூப்புடு. கொரல் எப்படியும் அப்புறம் போடறதுதான."

அது எங்கள் ஊர் வழக்கம். படம் பிடிக்கும்போது சத்தம் எடுப்பதில்லை. பிறகு வேறு யாரோ குரல் கொடுப்பார்கள், பெரிய நட்சத்திரங்களுக்கும் அப்படித்தான். அதனால் குரல் போட எர்சிலியாவை யாரும் கூப்பிடாதபோது அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. வந்திருக்கவேண்டும்.

ஷூட்டிங் முடிந்து கண் வீங்கி வந்தாள். "டூலியோ பேரச் சொன்னேன். வீட்டுல சொல்றதே இல்ல, அவரு தாங்கமாட்டாரு. அங்க சொல்லித் தீத்துட்டேன்" என்றாள். அவள் முகம் அன்றைக்கு லேசாகியிருந்தது.

படம் வந்த அன்று தெருவே கிளம்பியது. ஒரெஸ்தே கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார், பொத்தான் மாட்டவில்லை. விளக்கு அணைந்தது. மூன்று சிப்பாய்கள் ஓர் இளம்பெண் குளிப்பதைப் பார்க்க மாடிப்படி ஏறுகிறார்கள். கதவு மாறிப்போகிறது. சாவித் துவாரத்தில் கண்ணை வைக்கிறார்கள்.

உள்ளே எர்சிலியா.

திரை முழுக்க அவள் முகம். கண்ணீர் வழிகிறது, பின்னால் ஊதுகுழல் கோமாளித்தனமாக ஊதுகிறது. அவள் உதடுகள் அசைகின்றன. யாரோ ஒருத்தியின் கரகரத்த குரல் வருகிறது: "வாங்கடா பசங்களா, தொட்டி பெருசுதான், எல்லாருக்கும் எடமிருக்கு." சிப்பாய்கள் அலறிக்கொண்டு படியில் உருள்கிறார்கள்.

தியேட்டர் அதிர்ந்தது. பிரிமோவும் சிரித்தான். பிறகு அவள் பக்கம் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். ஒரெஸ்தே சிரிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"எர்சி, நீ அவன் பேரையா சொல்ற?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தத் திரையைக் கிழிக்கவேண்டும் போலிருந்தது.

அடுத்த வாரம் லம்பெர்த்தோ வந்தான். புதுக் கோட்டு. எர்சிலியா வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா, படம் பிச்சுக்கிட்டு ஓடுது. தயாரிப்பாளருக்கு ஒன்ன ரொம்பப் புடிச்சுப்போச்சு. இன்னும் ரெண்டு படம் இருக்கு."

"கொரல் போட்டப்ப நீ இருந்தியா?"

"இருந்தேன். டைரக்டர் இல்லாமயா?"

"என் ஒதட்டசைவுக்குப் பொருந்தற மாதிரிதான வசனம் எழுதணும்?"

"ஆமா."

"யாரு எழுதுனது?"

அவன் காபியைக் கலக்கினான். "நான்தான். படத்தயே மாத்தச் சொல்லிட்டாங்கக்கா. எனக்கும் வயிறு இருக்குல்ல."

"அதக் கேக்கல. எழுதறதுக்கு என் ஒதட்டத் திருப்பித் திருப்பிப் பாத்திருப்பல்ல. நான் என்ன சொல்றேன் அதுல?"

அவள் காத்திருந்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. பதில் வராது என்று தெரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கதவு மூடியபிறகு அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "டூலியோ."

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற? அவ இன்னும் தெரு முனையத் தாண்டல. போய் அவகிட்ட சொல்லு."

அவன் கடைக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். பிறகு இன்னொரு காபி கேட்டான்.