டெல்மர் கத்திய கார்

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். டெல்மர் ஸ்ட்ரக் போன மாதம் செத்தான். நான் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் ஒஹையோ ஊரில் அவன் தீவனக் கடைக் கணக்கன். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஐஸ்கிரீம் கடை முன்னால் நாலைந்து ஆண்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார்கள். போகிற காரின் பெயரை முதலில் கத்துகிறவனுக்கு மற்றவர்கள் காபி வாங்கித் தர வேண்டும். செவர்லே என்று கத்தினால் கேலிதான். கைசர், ஹட்சன், எட்செல் என்று யாரும் சீந்தாத கார்களுக்குத்தான் அங்கே மவுசு. கத்திய பெயரை மாற்றுகிறவனுக்கு அடுத்த வாரம் நாற்காலி கிடையாது.

டெல்மர் அதில் சூரன். பின்விளக்கை வைத்தே வருஷம் சொல்வான். என் புருஷன் ஆர்வில், முன்பக்கம் வாய் பிளந்த மாதிரி இருக்கும் ஐம்பத்தெட்டாம் வருஷ எட்செல் வைத்திருந்தார்.

"உன் காரு ஏண்டா எப்பவும் ஒப்பாரி வைக்கிற மாதிரி வாயைத் திறந்துட்டே நிக்குது?" என்பான் டெல்மர்.

"சிரிச்சுக்கடா. இந்த ஜில்லாவுலயே இது ஒண்ணுதான்."

அறுபத்தாறு அக்டோபரில், மழை கொட்டிய ஒரு சாயங்காலம், டீச்சர் நோர்டாவை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. அவள் அங்கேயே செத்தாள். எதிரே நின்ற டெல்மர், ஓடிய காரின் பின்விளக்கைப் பார்த்துவிட்டு, கூடியவர்கள் நடுவில் கத்தினான். "எட்செல்! ஐம்பத்தெட்டு எட்செல்!"

ஷெரீப் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆர்வில் அப்போதுதான் தனியாக வந்து இறங்கியிருந்தார். முந்தின வாரம் மான் மோதி பம்பர் நசுங்கிக் கிடந்தது. மான் வந்து சாட்சி சொல்லுமா?

வழக்குக்கு முன்னால் டெல்மரைத் தேடிப் போனேன்.

"மழை, இருட்டுற நேரம். சரியாத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்ககூடப் படிச்சவர் அவர்."

"எனக்கு மட்டும் ஆசையா, பெர்னிஸ்? பார்த்ததைத்தானே சொல்ல முடியும்?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஆறு வருஷம் போட்டார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் ஆர்விலுக்கு நிமோனியா. பெட்டியில்தான் வீடு வந்தார்.

அடுத்த வசந்தத்தில் பக்கத்து ஊர் விவசாயி ஒருவன் சாகும் தறுவாயில் பாதிரியாரிடம் ஒப்புக்கொண்டான். டீச்சரை அடித்தது அவனுடைய ஐம்பத்தொன்பது செவர்லே. தெருவுக்கு நாலு நிற்கிற கார். பின்விளக்கு அதிலும் றெக்கை விரித்த மாதிரிதான் இருக்கும். அபூர்வக் காருக்கே அலைந்த பாவிக்கு, தினம் பார்க்கிற கார் கண்ணில் படவில்லை.

செய்தி வந்த அன்றே டெல்மர் என் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"மறுநாளே சந்தேகம் வந்துச்சு, பெர்னிஸ். ஒரு செவர்லே முன்னாடி போய் பிரேக் போட்டுச்சு. அதே விளக்கு."

"தெரிஞ்சுமாடா கோர்ட்டுல சத்தியம் பண்ணினே? ஏண்டா?"

"எல்லார் முன்னாடியும் கத்திட்டேனே. வெள்ளிக்கிழமை அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவ்வளவுதான் காரணம். அழுதான், மன்னிக்கச் சொன்னான்.

"மன்னிக்க வேண்டிய ஆளை மண்ணுக்குள்ள வெச்சாச்சு. அங்க போய்க் கேளு" என்று கதவைச் சாத்தினேன்.

அதன்பின் முப்பது வருஷம் ஒரே ஊரில் இருந்தோம். ஒரு சொல் பேசவில்லை. அவன் செத்தால் நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.