கூரையக்காவின் குரல்

அந்த ஏழு மாடிக் கடையில் பொருள் வாங்கியவர்களுக்கு அவள் முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அந்தக் குரல் கூரையில் பதித்த வட்ட வட்ட ஒலிபெருக்கிகளிலிருந்து இறங்கி, துணிச் சுருள்கள் மேலும், பீங்கான் தட்டுகள் மேலும், அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுகிற பிள்ளைகள் மேலும் விழுந்துகொண்டே இருந்தது. கடையில் வேலை பார்த்தவர்கள் அவளைக் கூரையக்கா என்று கூப்பிட்டார்கள். ஐந்தாம் மாடியில், திரைச்சீலைப் பிரிவுக்குப் பின்னால் ஒரு சிற்றறை. உள்ளே ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி, அப்புறம் அவள். காலையில் வணக்கம் சொல்லுவாள். மத்தியானம் எந்த மாடியில் என்ன புதுசு என்று சொல்லுவாள். சாயங்காலம், "அன்பான வாடிக்கையாளர்களே, கடை மூட இன்னும் பத்து நிமிடங்களே உள்ளன" என்பாள்.

அந்தக் கடைசி வாக்கியம் ஊருக்கே மனப்பாடம். ஒரு நாள் தெருமுனைக் கடையில், "உருளைக்கிழங்கு எவ்வளவுங்க?" என்று அவள் கேட்டதுதான் தாமதம், பக்கத்தில் நின்ற பெரியவர் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு, "வா வா, மூடப் போறாங்க" என்று மனைவியை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். குரல்தான் அந்தக் குரல் என்று புரிந்ததே தவிர, கடை வேறு என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அவள் கணவர் அதே கடையில், தரைத் தளத்துச் செருப்புப் பிரிவில் இருந்தவர். வாடிக்கையாளர் காலடியில் மண்டியிட்டு ஷூ மாட்டிக்கொண்டிருப்பார். மேலிருந்து குரல் வந்ததும் கை அப்படியே நின்றுவிடும். "என்னப்பா, ஒத்தைக் காலோட என்னை வீட்டுக்கு அனுப்பப் போறியா?" என்று ஒரு அம்மாள் கேட்டது பிரிவு முழுக்கப் பரவி, கடைசியில் ஐந்தாம் மாடி வரைக்கும் ஏறிப் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு யார் கேட்டாலும் அவர் சொல்லுவார்: "எல்லாரும் பார்த்துக் கட்டிக்கிட்டாங்க. நான் கேட்டுக் கட்டிக்கிட்டவன்."

கடை மூடிப் பதினாறு வருஷம் ஆகிறது. கட்டிடத்தையும் இடித்தாயிற்று. இப்போது அங்கே மாடி மாடியாகக் கார்கள் நிற்கின்றன. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, இரண்டு பக்கத்திலிருந்தும் திரை இழுத்து மூடுகிற மாதிரி பார்வை சுருங்கி, ஒரு நாள் முழுசாகவே மூடிக்கொண்டது. பிள்ளைகுட்டி கிடையாது. அன்றிலிருந்து அந்த வீடு அவள் குரலில்தான் ஓடியது. "கதவு பாதி திறந்திருக்கு, இடது தோளைப் பார்த்துக்கோங்க." "தட்டுல மூணு மணிப் பக்கம் காய், ஆறு மணிப் பக்கம் சோறு." "நாற்காலியை ஒரு சாண் நகர்த்தியிருக்கேன், திட்டாதீங்க."

வேலையெல்லாம் முடிந்த சாயங்காலங்களில் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கூரை, கொஞ்சம் கடைக்குப் போயிட்டு வரலாமா?" என்பார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பாள். முதல் தளம், கைப்பைகள், குடைகள், கைக்கடிகாரங்கள். இரண்டாம் தளம், பெண்களுக்கான ஆடைகள். அவர் ஒவ்வொரு மாடியாக ஏறுவார். குடைப் பிரிவில் எப்போதும் தூங்கி வழிகிற விற்பனையாளரை எழுப்புவார். மூன்றாம் தளத்தில் வாசனைத் திரவியத்தை மணிக்கட்டில் தெளித்துக்கொள்வார். பொம்மைப் பிரிவில், சாவி கொடுத்தால் நேராக ஓடாமல் வட்டமாகவே சுற்றுகிற அந்தப் பழைய ரயிலுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்று சிரிப்பார்கள். கட்டிடத்தை இடித்ததெல்லாம் மற்றவர்களுக்குத்தான். அவருக்கு அதில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை.

பிறகு அவள் குரல் கம்மியது. சளி என்று நினைத்தார்கள். எட்டு மாதம் கஷாயம், மாத்திரை, ஆவி பிடித்தல் என்று போனது. அதற்குள் குரல் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல்பெட்டியை முழுசாக எடுத்தாக வேண்டும் என்றார்.

"கொஞ்சம் விட்டுவெக்க முடியாதா, டாக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"நாம விட்டுவெச்சா, அது உங்க சம்சாரத்தை விட்டுவெக்காது."

நாள் குறித்தார்கள். ஒன்பது நாள் இருந்தது. எடுத்த பிறகு கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி தருவார்களாம். எழுதியும் காட்டலாமாம். "யாருக்கு எழுதிக் காட்டறது?" என்று அவள் கரகரத்தாள். டாக்டர் அப்போதுதான் பக்கத்தில் இருந்தவரின் கண்களைச் சரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு மேசை மேலிருந்த காகிதத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அவள் துணி மடிக்கிற பாவனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியிலிருந்து சமையலறை வாசல் வரை பதினொரு அடி என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நடந்தார். திரும்பி நடந்தார். அவள் குரல் இல்லாத வீட்டுக்கு அவர் பழகிக்கொண்டிருந்தார். சாவைப் பற்றிக்கூட அவள் இவ்வளவு பயந்ததில்லை. உயிரோடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இந்த மனுஷனை இருட்டோடு சேர்த்து நிசப்தத்திலும் தள்ளிவிடப் போகிறோமே. தன் பழைய குரலை எப்படியாவது இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆனால் அது எங்கே இருக்கிறது? தினமும் குழாயில் வருகிற தண்ணீரை யார் பாட்டிலில் பிடித்து வைக்கிறார்கள்? கல்யாணத்துக்குப் புகைப்படம்தான் எடுத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் தன் போனைக் கொண்டுவந்து, "இப்ப பேசுங்கக்கா, இதுலயே வெச்சுக்கலாம்" என்றாள். அவள் மாடிகளை வரிசையாகச் சொன்னாள். போட்டுக் காட்டினார்கள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "யாரு இது?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் கூரையக்காவுக்கு வயரின் ஞாபகம் வந்தது. கடையின் ஒலிபெருக்கிகளையெல்லாம் கவனித்துக்கொண்ட மின்பணியாளர் அவர். கழுத்தில் எப்போதும் வயர் சுருள் கிடந்ததால் எல்லோருக்கும் வயர். பழைய எண்ணுக்கு அடித்தபோது அவரே எடுத்தார்.

"யாருங்க? ... அக்காவா? என்னக்கா, குரல்ல மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கு?"

அவள் சொன்னாள். தன் குரலைப் பதிந்த டேப் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

"டேப்பே கிடையாதேக்கா. முதலாளிக்குத்தான் டேப்னாலே ஆகாதே. ஆள் இருக்கறப்போ மிஷின் எதுக்குப் பேசணும்னு குதிப்பாரே. நீங்க லீவு போட்டா அன்னைக்குக் கடையே ஊமை." பிறகு, "இருங்க, இருங்க. ஒண்ணே ஒண்ணு இருக்கு. தீ டேப்" என்றார்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் வயர் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு படிக்கும் அவள் மூச்சு வாங்கினாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வீடு முழுக்கப் பழைய வானொலிகளும் ஒலிபெருக்கிகளுமாகக் கிடந்தன.

"வாங்க, செருப்பு சார். பார்த்து வாங்க, காலடியில எல்லாம் சாமான்" என்றார் வயர்.

"பார்த்து வரச் சொல்ற ஆள் நீ ஒருத்தன்தான்பா" என்றார் கணவர்.

உள்ளேயிருந்து வயரின் மனைவி, "அப்படியே நாலு சாமானை மிதிச்சிட்டு வாங்கண்ணே, புண்ணியமாப் போகும்" என்றாள்.

வயர் மேசையைத் துடைத்துக்கொண்டே பேசினார். தீயணைப்புத் துறைக்காரர்கள் கட்டாயப்படுத்தித்தான் முதலாளி அந்த ஒன்றுக்குச் சம்மதித்தாராம். "ஞாபகம் இருக்காக்கா? தீப்பிடிச்சா நானே சொல்றேனேன்னீங்க. நீங்க ஓட வேண்டாமான்னு நான் கேட்டேன்." அவளுக்கு ஞாபகம் இருந்தது. குரலில் பயம் தெரிகிறது, பூ விற்கிற மாதிரி சொல்லு என்று முதலாளி பதினாலு தடவை திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார். தீ பிடிக்கவே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்னால், வயர் மட்டும் அதைப் போட்டுச் சரிபார்ப்பார். கடை சாமான்களை ஏலம் விட்டபோது அதற்கு எண் ஒட்ட மறந்துவிட்டார்கள். வயர் அதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்து வந்துவிட்டார்.

டேப்பை ஒரு பழைய பிளேயரில் போட்டுப் பொத்தானை அழுத்தினார். முதலில் மழை தூறுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அந்தக் குரல்.

"அன்பான வாடிக்கையாளர்களே, பதற வேண்டாம். கையில் இருக்கும் பொருள்களை அப்படியே வைத்துவிட்டு, அருகில் உள்ள படிக்கட்டு வழியாக மெதுவாக வெளியேறுங்கள். மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் உங்களோடு இருக்கிறோம்."

தேன் மாதிரியெல்லாம் இல்லை. அடுத்த அறையிலிருந்து யாரோ தன் பாட்டுக்குப் பேசுகிற மாதிரி இருந்தது. அவ்வளவு நிதானம். கணவர் எழுந்து நின்றிருந்தார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி வைத்திருந்தார். கடையில் முதலாளி சுற்றி வரும்போது அப்படித்தான் நிற்பார்.

"இன்னொரு தடவை" என்றார்.

ஏழெட்டு தடவை கேட்டார்கள். அவள் முதல் தடவை அழுதாள். நாலாவது தடவைக்குள் அழுகை நின்று, மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்த முப்பது வயதுப் பெண்ணை யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது வயர் பிளேயரையும் சேர்த்து ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். முப்பத்தைந்து விநாடிதான். இருந்தாலும் வீட்டில் ஏதோ ஒன்று இருக்கும். அந்த நிம்மதியோடு அவள் மருத்துவமனைக்குப் போய்ப் படுத்தாள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் ஒரு மெல்லிய துணி. கருவியைக் கழுத்தில் அழுத்தி முதல் வார்த்தையாக, "என்னங்க" என்றாள். ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோ மாதிரி அது இரைந்தது. அவர் உடம்பு ஒரு நொடி பின்னால் போனது. உடனே, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு. பழகிடும்" என்றார். அவள் கருவியை அலமாரியில் வைத்துவிட்டாள். பிறகு தட்டலில் பேசினார்கள். கையில் ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. கூடுதலாகச் சொல்ல வேண்டுமென்றால் அவர் உள்ளங்கையில் விரலால் எழுதுவாள். "நம்ம மொழியில எழுத்தைக் கொஞ்சம் கம்மியா வெச்சிருக்கலாம். நீ ஒரு வரி எழுதி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப்போகுது" என்று ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு கையை நீட்டுவது குறைந்தது.

டேப் மட்டும் ஓடியது. காலையில் எழுந்ததும் ஒருமுறை. குளித்துவிட்டு வந்து ஒருமுறை. சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எத்தனை முறை என்று எண்ண முடியாதபடி. பதில்கூடச் சொன்னார். "மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்" என்று வரும்போது, "சரிம்மா, படியிலயே வரேன்" என்றார். எழுதிக் காட்டினால் இப்போது அவர் சிரிப்பதில்லை. டேப்பைக் கேட்டுச் சிரித்தார்.

அன்று மத்தியானம் அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். நாற்காலிப் பக்கத்துச் சின்ன மேசையில், அவர் முழங்கைக்கு ஓரமாக வைத்தாள். டேப் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சூடாக இருக்கிறது, தட்டிவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அவர் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினாள். முதல் எழுத்தின் பாதியில் அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"இரும்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. "அவ பேசிட்டு இருக்கா."

கூரையக்கா டீ டம்ளரை எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, உங்களோடு இருக்கிறோம் என்றும் சொல்லிவிட்டு டேப் முடிந்தது. அவர் கை எழுந்தது. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே வந்து, டம்ளர் இருந்த இடத்தைத் தாண்டி, அவள் முழங்கால் பக்கம் ஒரு கணம் நின்று, பிளேயர் இருக்கும் பக்கம் திரும்பி, டேப்பைத் திரும்ப முதலுக்குச் சுற்றுகிற பொத்தானைக் கண்டுபிடித்தது.