மூன்று கிலோ அப்பிளும் ஒரு பூச்சட்டியும்

ஒப்புக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலைவரை எங்கள் வீட்டு ஸ்லோ குக்கரில் பிளாஸ்டிக் ரோஜா பூத்திருந்தது.

ஸ்லோ குக்கர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு — அது கரண்டில் வேலை செய்யும் ஒரு தடித்த பீங்கான் சட்டி. விறகடுப்பு ஒரு மணி நேரத்தில் செய்வதை இது எட்டு மணி நேரத்தில் செய்யும். ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோருக்குக் காரியமாகப் போய் வந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல.

இதை அனுப்பியவள் என் தங்கை ராஜி. குவைத்தில் ஒரு வீட்டில் நாலு வருஷமாக வேலை. போன வருஷம் ஊருக்கு வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். பெட்டியைப் பிரித்தோம். 'அருமையான சாமான்' என்றோம். ஷோகேஸுக்கு மேலே ஏற்றினோம். வாய் அகலமான சட்டி... ரோஜாக்கொத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது.

இதில் கேவலம் எது தெரியுமா? மூன்று வாரத்துக்கு முன் இதே இடத்தில் நான் என்ன எழுதினேன்? பிரிட்ஜுக்குள் ஸ்கூல் யூனிபோர்மை மடித்து வைக்கிறவர்களையும், கிரைண்டரை அட்டைப்பெட்டியோடு பூஜிக்கிறவர்களையும் கிழித்துத் தோரணம் கட்டினேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அந்தப் பத்தியை எழுதியபோது என் தலைக்கு நேர் மேலேதான் ரோஜா இருந்தது. கடிதங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் தெஹியோவிட்ட கொமினிகேஷன் கடையில் போய் டெலிபோனுக்குப் பக்கத்தில் காத்திருப்பேன். ராஜி கோல் எடுப்பாள். இரண்டு கேள்வி தவறாமல் வரும்.

“அண்ணே, குக்கர் பாவிக்கிறீங்களா?”

“டெய்லி பாவிக்கிறோம்.”

“அண்ணி நல்லா தூங்குறாங்களா?”

“தூங்குறா, தூங்குறா.”

இரண்டாவது கேள்வியை நான் வெறும் நலம் விசாரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். தூரத்தில் இருப்பவர்கள் எதையாவது கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவன் எதையாவது சொல்லிவைப்பான்.

கடைசியாக எடுத்தபோது மூன்றாவதாக ஒன்று கேட்டாள். “அப்படி என்னதான் செய்றீங்க அதுல?”

குக்கரோடு ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. அதை வாசித்த ஒரே ஆள் நான். கையில் கிடைத்த எதையும் வாசிக்காமல் விடமாட்டேன், செய்வதைத்தான் விட்டுவிடுவேன். மூன்றாம் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

“போன வாரம் அப்பிள் பட்டர் செஞ்சோம்.”

“அப்படியா அண்ணே. அடுத்த ஞாயிறு நான் வாறேன். எனக்கும் கொஞ்சம் வைங்க,” என்றாள்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். கமலா என் மனைவி. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் விடியும்போதே கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பது அவளிடம்தான்.

“உண்மையச் சொல்லிருங்க,” என்றாள். “அவ ஒன்னும் சொல்ல மாட்டா.”

“அதான் பயமா இருக்கு.”

நாலு வருஷம் அடுத்தவர் வீட்டில் நின்று உழைத்தவள், பாரம் என்றும் பார்க்காமல் அனுப்பிய சட்டி அது. அவள் வந்து ரோஜாவைப் பார்த்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆகவே, பொய்யைத் திருத்துவதை விட அப்பிள் பட்டர் செய்வது சுலபம் என்று முடிவெடுத்தேன். படித்தவர்கள், அதிலும் பள்ளிக்கூட மாஸ்டர்மார், இப்படித்தான் முடிவெடுப்பார்கள்.

சனிக்கிழமை பஜாரில் ஹனிபா நானாவின் பழக்கடைக்குப் போனேன். “மூனு கிலோ அப்பிள்.”

நானாவின் கை தராசில் நின்றுவிட்டது.

நீங்களே சொல்லுங்கள், நம் பக்கத்தில் அப்பிள் வாங்குகிறவன் யார்? சுகமாக இருப்பவன் வாழைப்பழம் தின்பான். அப்பிள் வார்ட்டுக்குப் போகிற பழம். இரண்டு அப்பிள் என்றால் காய்ச்சல். ஆறு என்றால் ஒப்பரேஷன். மூன்று கிலோ என்றால்...

“யாருக்கு மாஸ்டர் சொகமில்ல?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“யாருக்கும் இல்ல நானா. சமைக்கத்தான்.”

“அப்பிள யாராச்சும் சமைப்பாங்களா மாஸ்டர். மனச விட்டுறாதீங்க. எங்க வச்சிருக்கு, அவிசாவளை ஆஸ்பத்திரியிலயா?”

“இல்ல நானா, வீட்டுலதான்—”

“வீட்டுக்கே அனுப்பிட்டாங்களா,” என்றார். பையில் ஒரு அப்பிள் கூடுதலாகப் போட்டார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரோஜாவைப் பிடுங்கினேன். குக்கரின் பிளக்குக்குச் சதுரக் கால். எங்கள் சுவரில் இருப்பதோ வட்ட ஓட்டை. தோட்டத்துக் கிளாக்கர் வீட்டில் ஒரு அடப்டர் இரவல் வாங்கினேன். புத்தகம் சொன்னது: தோலைச் சீவவும், விதையை எடுக்கவும், துண்டு போடவும், சீனி, கறுவாப்பட்டை, கராம்பு சேர்க்கவும், மூடி வைத்துவிட்டுப் பத்து மணி நேரம் மறந்துவிடவும். இப்படி ஒரு சமையல் குறிப்பை ஆண்பிள்ளை ஒருவன்தான் எழுதியிருக்க வேண்டும்.

“பட்டர் எப்ப போடணும்?” என்றாள் கமலா.

“இதுல பட்டர் கிடையாது.”

“பாதி அப்பிள் நீங்க சீவுன தோலோட போயிருச்சு. பட்டரும் இல்ல. அப்ப சட்டிக்குள்ள என்னதான் வேகுது?”

பத்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் கணக்கப்பிள்ளையின் மனைவி செல்லம்மா அக்கா. செருப்பை ஓசைப்படாமல் கழற்றி வைத்தார். கையில் ஒரு பை. பையில் நாலு அப்பிள். “ஆள் உள்ள படுத்திருக்கா?” என்றார் என்னிடம். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னேன். “அப்படித்தான் சொல்லணும்,” என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சமையலறையிலிருந்து கறுவா வாசம் வந்தது. “கஷாயம் காயுது போல,” என்றார் அடுத்து வந்தவரிடம்.

மத்தியானத்துக்குள் முன்னறை நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு அப்பிள், மூன்று பெட்டி குளுக்கோஸ், கரைத்துக் குடிக்கும் மோல்ட் ஒரு டின். எல்லாரிடமும் விளக்கினேன். அப்பிளைப் பத்து மணி நேரம் காய்ச்சிப் பேக்கரிப் பாணில் பூசித் தின்பதாக நான் சொல்லச் சொல்ல, என் மேல்தான் அவர்களுக்கு இரக்கம் கூடியது. நோயாளி நான்தானோ என்று ஒருவர் கமலாவிடம் கண்ணாலேயே கேட்டார். கமலா மறுக்கவில்லை.

நாலு மணிக்கு எயார்போர்ட் வேன் வந்து நின்றது.

ராஜி இறங்கினாள். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சு. அவள் கையிலிருந்த பேக் படியிலேயே விழுந்தது.

“அண்ணே... யாரு? அண்ணியா?”

கமலா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ராஜி அந்தக் கையை விடவேயில்லை. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஏதாவது வந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எல்லாம் தெளிந்து, ஆட்கள் சிரிக்கத் தொடங்கியதும், செல்லம்மா அக்கா சமையலறையை எட்டிப் பார்த்தார்.

“அட, இது ஷோகேஸ் மேல இருந்த பூச்சட்டிதானே மாஸ்டர். இதுலயா காச்சுனீங்க?”

ராஜி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கமலா சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.

அப்பிள் பட்டர் தயாராகத்தான் இருந்தது. மூன்று கிலோ சுண்டி, ரப்பர் மரத்தடியில் கறுத்து உறைந்து கிடக்கும் ஒட்டுப்பால் நிறத்தில், ஒரு சின்னப் போத்தலுக்குள் அடங்கிவிட்டது. பாணில் பூசிக் கொடுத்தேன். ராஜி மெதுவாக மென்றாள். அறையே அவள் வாயைப் பார்த்தது.

“நல்லாருக்கு அண்ணே,” என்றாள். “சொகமில்லாதவங்களுக்குக் குடுக்கலாம்.”

ஆட்கள் கலைந்த பிறகு ராஜி சமையலறைப் பலகையில் உட்கார்ந்து, கமலா சுட்ட ரொட்டியைக் கட்டச்சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“மெடம் வீட்டுல நான் ராத்திரியே எல்லாத்தையும் இதே மாதிரி ஒன்னுல போட்டுட்டுப் படுத்துருவேன். காலையில வெந்திருக்கும். அந்தச் சட்டி வந்த பொறகுதான் அங்க எனக்கு அஞ்சு மணி வரைக்கும் தூக்கம் கெடச்சிச்சு. அண்ணி இங்க நாலு மணிக்கு எந்திரிச்சு அடுப்பு ஊதுறாங்களேன்னு அனுப்புனேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேனே அண்ணே... அண்ணி தூங்குறாங்களான்னு.”

கேட்டாள்தான். நானும் பதில் சொன்னேன்தான்.

யோசித்துப் பார்க்கிறேன். வெளிநாட்டுக்குப் போன பெண்கள் அனுப்பும் சாமானை நாம் ஏன் ஷோகேஸில் ஏற்றுகிறோம்? பாவித்தால் அது சட்டி. பாவிக்காவிட்டால் அந்தஸ்து. அங்கே அவள் தூங்காமல் சேர்த்தது, இங்கே இன்னொருத்தி தூங்குவதற்காக வருகிறது. நடுவில் அதை வாங்கி, தூசி தட்டி, பூ வைக்கிறவன் ஒருவன் இருக்கிறான். பிரிட்ஜில் யூனிபோர்ம் வைத்தவனை நான் கேலி செய்தேன். அவன் வீட்டுப் பிள்ளைக்கு யூனிபோர்மாவது மடிப்புக் குலையாமல் இருந்தது.

திங்கட்கிழமை இரவு திருந்தினேன். பருப்பைக் கழுவி, மஞ்சள் போட்டு, தண்ணீர் ஊற்றி, என் கையாலேயே குக்கரில் வைத்து மூடினேன். “ஆறு மணிக்கு எந்திரிச்சாப் போதும்,” என்று கமலாவிடம் பெருந்தன்மையோடு சொன்னேன். ராஜி என்னைப் பார்த்துச் சிரித்தாள். புத்தகத்தில் சொன்னபடியே அதை மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்து வந்தால் சமையலறையில் புகை. கமலா தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் பருப்பு கொதிக்கிறது.

“ஏன் நாலு மணிக்கே எந்திரிச்ச?” என்றேன், கொஞ்சம் மனம் நொந்து.

“நீங்க சுவிட்சப் போட்டீங்களான்னு பாக்க எந்திரிச்சேன்,” என்றாள். “போடல்ல.”